தென்னந்தோப்புக்கு மேலே ஒரு வெப்பக் கண்

இராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவில் பக்கத்துத் தோப்புகளில் இரவுக் காவல் என்றால் ஒரு டார்ச் லைட், ஒரு தகர டப்பா, கொஞ்சம் பட்டாசு. மலையிறங்கும் யானை தென்னங்கன்றைச் சாய்த்துக் குருத்தைத் தின்கிறது. கன்று போனால் மறுபடி நடலாம். காவலுக்குப் போன ஆள் இருட்டில் யானைக்கு எதிரே போய் நின்றுவிடக் கூடாது என்பதுதான் அந்த வீடுகளின் கவலை. அதற்கு உதவுமா என்று பார்க்க, சிறிய ட்ரோன் ஒன்றில் வெப்பக் கேமராவைப் பொருத்தி மூன்று விடியற்காலைகள் பறக்கவிட்டோம். வனப் பணியாளர்களிடம் முன்பே சொல்லிவிட்டு, தோப்பு எல்லைக்குள் மட்டும்.

நாங்கள் பொருத்தியது 160க்கு 120 புள்ளிகள் கொண்ட சென்சார். கட்டைவிரல் நகத்தளவுதான். அதோடு ஒரு ராஸ்பெர்ரி பை, படத்தைக் கீழே அனுப்பும் டிரான்ஸ்மிட்டர், தனி பேட்டரி எல்லாம் சேரும்போதுதான் எடை ஏறுகிறது. ட்ரோனோடு வந்த கேமராவின் கிம்பலில் இதை ஒட்டக் கூடாது. அதன் சமநிலை கெட்டு மோட்டார் திணறும். வயிற்றுப் பகுதியில், தரையைப் பார்க்கும் சென்சார்களை மறைக்காமல், ரப்பர் வைத்துக் கட்டினோம். தூசிக்குப் பயந்து முன்னால் கண்ணாடி ஒட்டிவிடாதீர்கள். 8 முதல் 14 மைக்ரான் வரையிலான வெப்பக் கதிர் சாதாரணக் கண்ணாடிக்குள் நுழையாது. இந்தக் கேமராக்களின் லென்ஸை ஜெர்மானியத்திலோ சிலிக்கானிலோ செய்வது அதனால்தான்.

நேரம் மிக முக்கியம். இரவு ஏழு மணிக்குப் பகல் வெயிலைக் குடித்த பாறையும் கிணற்றுச் சுவரும் யானையைப் போலவே ஒளிர்கின்றன. விடியற்காலை நாலரை மணிக்கு அவை ஆறிவிடுகின்றன. உயிருள்ளது மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. மோட்டார் ஷெட்டின் தகரக் கூரை குளிர்ந்த வானத்தைப் பிரதிபலித்துக் கருகருவென்று கிடந்தது.

50 மீட்டர் உயரத்திலிருந்து நேர் கீழே பார்த்தால், 57 பாகைக் கோணத்தில் சுமார் 54 மீட்டர் அகலம் திரைக்குள் அடங்குகிறது. ஒரு புள்ளிக்கு 34 சென்டிமீட்டர். யானை பத்துப் புள்ளி நீளம் வரும். மனிதன் ஒன்றிரண்டு புள்ளிதான். படம் நொடிக்கு ஒன்பது முறைதான் மாறுகிறது. நடுவே கேமரா தன்னைச் சரிபார்க்கும்போது ஒரு கணம் உறைந்து நிற்கிறது. மெதுவாகப் பறந்தால் பாதகமில்லை.

மூன்றாம் நாள்தான் உண்மையான சோதனை. திரையில் தென்னை வரிசைகள் தெளிவாக இருந்தன, எதுவும் இல்லை. காவல்கார அண்ணாச்சியின் காலடியில் படுத்திருந்த இராஜபாளையம் நாய் எழுந்து மாமரப் பக்கம் உறுமியது.

“தம்பி, அங்க திருப்புங்க. இவன் சும்மா எந்திரிக்க மாட்டான்.”

திருப்பினேன். மாமரங்களுக்கு மேல் ஒரே சாம்பல் நிறம். ஐந்து நிமிடம் கழித்து, மர விளிம்பிலிருந்து ஒரு வெள்ளைத் திட்டு தென்னை வரிசைக்குள் நடந்து வந்தது. ஒற்றை யானை. இலைக் கூரையை வெப்பக் கேமரா ஊடுருவாது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித்தர முடியாது. ஆனால் அண்ணாச்சி அன்று டார்ச்சை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகவில்லை. பரணிலேயே இருந்தார். யானை தானாகவே ஓடைப் பக்கம் இறங்கிப் போனது. ட்ரோனை உயரத்திலேயே நிறுத்தி வைத்தோம். சத்தத்தால் யானையை விரட்டலாம் என்று ஆசைப்பட்டால், அது மிரண்டு அடுத்த தோப்பில் தூங்குபவர் மேல் போய் விழும்.

வெப்பக் கேமராவோடு தயாராகவே வரும் டிஜேஐ மேவிக் 3டி ட்ரோனில் 640க்கு 512 புள்ளி. எடை 920 கிராம். படம் நம்முடையதைவிடப் பல மடங்கு தெளிவு. ஆனால் வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரியிலிருந்து தடை. உதிரி பாகங்களுக்குத் தடையில்லை. 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரைதான் நானோ. 249 கிராம் ட்ரோனில் கேமராவைக் கட்டிய அந்த நிமிடமே அது மைக்ரோ வகைக்கு ஏறி, நானோவுக்கான சலுகைகளை இழக்கிறது. திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் 2021இல் அறிவிக்கப்பட்டது. அதன் எல்லைக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் பறக்கவிடவே கூடாது.

கோவை மதுக்கரையில் ரயில் பாதையோரக் கோபுரங்களில் வெப்பக் கேமராக்களை வைத்து, யானை தண்டவாளத்தை நெருங்கும் முன்பே எச்சரிக்கும் ஏற்பாட்டை 2024இல் வனத்துறை தொடங்கியது. அடிவாரத் தோப்புகளுக்கும் தேவை அதே எச்சரிக்கைதான்.

ஆகவே என் முடிவு: தனி ஆள் வாங்க வேண்டிய பொருள் இல்லை இது. பேட்டரி தீர்ந்ததும் கண் மூடிவிடும். இரவெல்லாம் காவல் காக்காது. பத்துத் தோப்புக்காரர்கள் சேர்ந்து ஒன்றை வாங்கி, வனத்துறையோடு பேசிவைத்து, காவலர் தோப்புக்குள் நடக்கும் முன் ஒருமுறை பறக்கவிட்டால் போட்ட காசுக்கு நியாயம் உண்டு. திரையில் யானை தெரிந்தால் போகாதீர்கள். தெரியாவிட்டாலும், நாய் உறுமினால் போகாதீர்கள்.