ஓடிபியைப் படித்துச் சொல்ல ஓர் ஆள்

பார்வை மாற்றுத்திறனாளிகளுக்குப் பணம் கொடுப்பதில் தமிழக அரசை ஒரேயடியாகக் குறை சொல்லிவிட முடியாது. 2020 ஊரடங்கில் அடையாள அட்டை வைத்திருந்த மாற்றுத்திறனாளிகளுக்கு 1,000 ரூபாய் கொடுத்தது. வருவாய்த் துறை வழியாக வரும் மாத உதவித்தொகையை 2023 ஜனவரியில் 1,000-லிருந்து 1,500 ஆக்கியது. மத்திய அரசின் பங்கோ 2012-ல் நிர்ணயித்த 300 ரூபாயிலேயே நின்றது. அதுவும் 80 சதவீத பாதிப்பும் வறுமைக்கோட்டுச் சான்றும் இருந்தால்தான்.

அந்த 1,500-க்குள்ளும் ஒரு கணக்கு இருக்கிறது. மற்றவர்களுக்கான இதே போன்ற திட்டங்களைவிட மாற்றுத்திறனாளிக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். முதியோர் உதவித்தொகை 2023-ல் 1,200 ஆனது. கூட்டிப் பாருங்கள், சரியாக 1,500! மின்சார ரயிலில் பேனாவும் கடலைமிட்டாயும் விற்ற பார்வையற்றவருக்கு, ஊரடங்கில் ரயில் ஓடாத மாதங்களில் வாங்கிய கடனின் வட்டிக்கே இது போய்விடும்.

இதைவிடப் பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. பெருந்தொற்றோடு அரசின் வாசல் கைபேசிக்குள் போய்விட்டது. தடுப்பூசிக்குப் பதிவு செய்யும் கோவின் தளத்தின் குறைகளை 2021 மே மாதம் உச்ச நீதிமன்றமே பட்டியலிட்டது: கேப்சாவைக் காதால் கேட்க வழியில்லை, எத்தனை இடம் காலி என்று தெரியும், எந்தத் தேதியில் என்று தெரியாது. வெளியிடுவதற்கு முன் பார்வையற்ற ஒருவர் கையில் அதைக் கொடுத்துப் பார்த்திருந்தால் அரைமணி நேரத்தில் சொல்லியிருப்பார்.

இன்றும் பல செயலிகளில் இதே கதைதான். பொத்தானுக்குப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வெறுமனே 'பட்டன், பட்டன்' என்று சொல்லிக்கொண்டிருக்கும். குறைபார்வை உள்ளவர் எழுத்தைப் பெரிதாக்கினால் 'சமர்ப்பி' திரையைவிட்டே ஓடிவிடும். கடைசியில் கைபேசியை இ-சேவை மையத்துக்காரரிடமோ பக்கத்து வீட்டுப் பையனிடமோ நீட்ட வேண்டும். ஓடிபி, ஆதார் எண், கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பது எல்லாம் அடுத்தவர் கண்ணில் படும். உதவித்தொகை உயர்ந்த அதே காலத்தில் இப்படியொரு தயவும் கட்டாயமாகிவிட்டது.

நீதிமன்றம் தன் பங்கைச் செய்திருக்கிறது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது என்றது 2024 நவம்பர் தீர்ப்பு. டிஜிட்டல் அணுகலும் வாழ்வுரிமையில் அடக்கம் என்றது 2025 ஏப்ரல் தீர்ப்பு. வங்கி போன்ற இடங்களில் கேட்கும் கேஒய்சி அடையாளச் சரிபார்ப்புக்காகக் கேமரா முன் கண் சிமிட்டச் சொல்லாதீர்கள் என்பதற்குக்கூட உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது!

அரசுப் பணியில் பார்வையற்றோருக்கும் குறைபார்வையினருக்கும் 1 சதவீத ஒதுக்கீடு உண்டு. அப்படி வேலைக்கு வந்தவர்கள் இயக்கிப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே எந்தச் செயலியும் வெளியாக வேண்டும் என ஓர் அரசாணை போடலாம். 500 ரூபாய் கூட்டியதைவிட இதற்குச் செலவு குறைவு.