ஆஸ்திரேலிய நிலம்: தூரிகையிலிருந்து திரைக்கு

ஆஸ்திரேலியாவை வரைய வந்த ஐரோப்பியர்களைத் திணறடித்தது தைல மரம். ஓக் மரம்போல் அது அடர்ந்து கவிவதில்லை. இலைகள் தொங்கும், கிளைகளுக்கு ஊடே வானம் தெரியும். 1831இல் டாஸ்மேனியாவில் குடியேறிய ஜான் குளோவர் அந்த வளைந்த கிளைகளைக் கூர்ந்து பார்த்து வரைந்தார். பூர்வகுடிகள் தீவிலிருந்து அகற்றப்பட்ட ஆண்டுகளில், அவர்கள் ஆடிக் களிப்பதாகவும் வரைந்தார்.

நாட்டின் சொந்தப் பாணியாகப் போற்றப்படுவது 1880களின் ஹைடெல்பர்க் குழு. டாம் ராபர்ட்ஸ், ஆர்தர் ஸ்ட்ரீட்டன் முதலானோர் மெல்போர்னுக்கு வெளியே வெட்டவெளியில் அமர்ந்து வரைந்தனர். 1889இல் அவர்கள் நடத்திய கண்காட்சியில் பல படங்கள் சுருட்டுப்பெட்டி மூடிகளில், ஒன்பதுக்கு ஐந்து அங்குலத்தில் தீட்டப்பட்டவை. அரைகுறை வேலை என்று அன்று ஏசப்பட்டாலும், காய்ந்த புல்லின் பொன்நிறமும் வெளிறிய நீலமும் பின்னர் அளவுகோலாயின. அந்தப் பொன்வெளியில் ஆட்டு ரோமம் கத்தரிப்பவர் உண்டு, காடு திருத்துபவர் உண்டு; பூர்வகுடிகளைத் தேடத்தான் வேண்டும். 1940களில் ரஸ்ஸல் ட்ரைஸ்டேலும் சிட்னி நோலனும் அந்தப் பொன்வெளியை வறண்ட செம்மண்ணாக்கினர்.

பொன்வெளி, செம்மண் என்ற இந்த இரண்டு பார்வைகளிலிருந்தும் திரைப்படம் கடன் வாங்கியது. பீட்டர் வியரின் ‘பிக்னிக் அட் ஹேங்கிங் ராக்’ (1975) படத்துக்காக ஒளிப்பதிவாளர் ரஸ்ஸல் பாய்ட் லென்ஸின் மேல் மணப்பெண்ணின் முக்காட்டுத் துணியைக் கட்டினார். ஹைடெல்பர்க் ஒளி கிடைத்தது, கூடவே அச்சமும்: பாறைக்குப் போன பள்ளி மாணவியர் காணாமல் போகின்றனர். ‘வேக் இன் ஃப்ரைட்’ (1971), ‘மேட் மேக்ஸ்’ (1979) ஆகியவற்றில் நிலத்துக்கு அழகே தேவைப்படவில்லை. வந்தேறியின் அச்சம் என்று இவற்றைப் படிப்பது பொருந்தும்.

பூர்வகுடி மரபுக்கு அளவுகோல் வேறு. அரெர்ண்டே இனத்து ஓவியர் ஆல்பர்ட் நமட்ஜிரா மத்தியப் பாலைவனத்தை நீர்வண்ணத்தில் தீட்டியபோது ஐரோப்பியப் போலி என்றனர். அவர் வரைந்தது தம் முன்னோரின் மண் என்பதை விமர்சனம் மெல்லத்தான் உணர்ந்தது. 1971இல் அதே பாலைவனப் பகுதியின் பப்புன்யா குடியிருப்பில் எழுந்த புள்ளி ஓவியங்களில் தொடுவானமே இல்லை. முன்னோர் நடந்த வழிகளும் நீர்நிலைகளும் மேலிருந்து காண்பதுபோல் விரிகின்றன; அங்கே வெற்றிடம் என்று ஒன்று கிடையாது.

திரையில் இந்தப் பார்வை வலுப்பெறப் பல ஆண்டுகளாயின. ‘ஜெட்டா’ (1955) பூர்வகுடி நடிகர்களை முதன்மைப் பாத்திரங்களில் நிறுத்தியது, கதை சொன்னவர் வெள்ளையர். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பிறந்த வார்விக் தார்ன்டனின் ‘சாம்சன் அண்ட் டெலைலா’ (2009) கேன்ஸில் தங்கக் கேமரா விருது பெற்றது. அதில் ஆபத்து நகரத்தில் இருக்கிறது; நாயகி பிழைக்கத் திரும்புவது பாலைவனத்துக்கு.