மந்திரத்துக்குச் சட்டம் வகுப்போர்

மூலநூல், அதற்கொரு ஷரஹ், அந்த ஷரஹுக்கொரு ஹாஷியா என்று ஓதிப் பழகிய நமக்கு, மேலைநாட்டு வாசகர்கள் எழுதிக் குவிக்கும் ‘ரசிகர் புனைவு’ அவ்வளவு அந்நியமாகத் தோன்றவில்லை. பிறர் படைத்த கதையுலகை எடுத்துக்கொண்டு, அதன் மாந்தரை வைத்துத் தாமே புதுக்கதை எழுதுவது அது. ஜே. கே. ரௌலிங்கின் ஏழு ‘ஹாரி பாட்டர்’ நாவல்களை (1997–2007) ஒட்டி எழுந்தவை ஏராளம். இவற்றைக் குப்பையென ஒதுக்குவோர் உண்டு. பெரும்பகுதி அப்படித்தான் என்பதை மறுப்பதற்கில்லை. ஸிஹ்ரு பற்றிய மார்க்கத் தீர்ப்பு தெளிவானது. அதை இங்கு மறுவிசாரணைக்கு எடுக்கவில்லை. கற்பனையான ஓர் ஆற்றலுக்கு இவர்கள் எவ்வாறு சட்டம் வகுக்கிறார்கள் என்பதே நமது கேள்வி.

ரௌலிங் சட்டநூல் எழுதியவர் அல்லர். கதை கேட்கும் இடத்தில் ஒரு விதியைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். இறுதி நாவலில், பசியோடு அலையும் தோழர்களிடம் ஹெர்மயோனி கூறுகிறாள்: உணவை வெறுமையிலிருந்து உண்டாக்க இயலாது, இருக்குமிடம் தெரிந்தால் வரவழைக்கலாம், கையிலிருப்பதைப் பெருக்கலாம். ‘காம்ப்’ என்பவரின் விதிக்குள்ள ஐந்து விலக்குகளுள் உணவு முதலாவது. எஞ்சிய நான்கு எவை? மூலத்தில் இல்லை.

இந்த மௌனத்தில்தான் ரசிகர்கள் குடியேறினார்கள். அன்பு ஒரு விலக்கு என்றார்கள். வசிய மருந்து மோகத்தைத் தருமேயன்றி அன்பை உண்டாக்காது என ஆறாம் நாவலில் ஆசிரியர் ஸ்லக்ஹார்ன் கூறுவது ஆதாரம். செல்வம் என்றார்கள், நான்காம் நாவலில் லெப்ரகான் என்னும் குறும்பூதங்கள் பொழியும் தங்கம் சில மணி நேரத்தில் மறைந்துவிடுகிறது. உயிர் என்றார்கள், மாண்டவரை எழுப்பும் மந்திரம் இல்லையென டம்பிள்டோரே சொல்லியிருக்கிறார். சொல்லப்பட்டதன் காரணத்தைத் தேடியெடுத்து, சொல்லப்படாததற்கும் அதே தீர்ப்பை நீட்டும் இம்முறைக்கு நம்மிடம் ஒரு பெயர் உண்டு: கியாஸ். உஸூல் படிக்கும் மாணவன் இதைக் கண்டால் புன்னகைப்பான்.

பிழையான கியாஸும் உண்டு. ஒவ்வொரு மந்திரவாதியின் உள்ளேயும் ஓர் ஆற்றல் கலம் இருக்கிறது. மந்திரம் சொல்லச் சொல்ல அது வற்றும். முற்றும் வற்றினால் ஆள் மயங்குவான் அல்லது மாள்வான் என்பது எண்ணற்ற ரசிகர் புனைவுகளில் காணப்படும் விதி. மூலத்தில் இதற்கு இடமே இல்லை. கணினி விளையாட்டின் புள்ளிக் கணக்கு கதைக்குள் நுழைந்தாற்போல் இருக்கிறது. இதனால் நேரும் இழப்பு சிறிதன்று. ரௌலிங்கின் உலகில் ஆற்றல் உள்ளத்தின் நிலையோடு பிணைக்கப்பட்டது. இருளுயிர்களை விரட்டும் மந்திரத்துக்கு மகிழ்ச்சியான நினைவு வேண்டும். ஐந்தாம் நாவலில் ஹாரி கடுஞ்சினத்தோடு வதை மந்திரத்தைச் சொல்கிறான், அது பலிக்கவில்லை. பிறரை வதைத்து இன்புறும் மனம் அவனிடம் இல்லை. உயிரைத் துண்டாக்கி ஒளித்துவைக்கக் கொலையே விலை. ‘எத்தகையவன்’ என்று மூலம் கேட்கும் இடத்தில், கலக்கணக்கு ‘எவ்வளவு வைத்திருக்கிறான்’ என்று கேட்கிறது. நிய்யத் இருந்த இடத்தில் நிறுவைக்கல் வந்து அமர்கிறது. நாயகனுக்கு வரம்பிட வந்த இவ்விதி, அவனுக்கு மட்டும் அளவிறந்த கலத்தைக் கொடுக்கும் சலுகையாக முடிவதையும் பல கதைகளில் காண்கிறோம்.

லக்னோவின் கதைசொல்லிகள் இப்பிழையைச் செய்யவில்லை. அவர்களும் ஒருவகையில் பிறர் கதைக்கு ஷரஹ் எழுதியவர்களே. அமீர் ஹம்ஸாவின் பழங்கதையை விரித்து, முஹம்மது ஹுசைன் ஜாவும் அவருக்குப்பின் அஹ்மது ஹுசைன் கமரும் எழுதிய ‘தில்ஸ்மே ஹோஷ்ருபா’வை நவல் கிஷோர் அச்சகம் 1883 முதல் வெளியிட்டது. அங்கே மாயக்கோட்டை ஒவ்வொன்றுக்கும் ஒரு லவ்ஹு, அதாவது வழிகாட்டும் பலகை உண்டு. விதிக்கப்பட்டவன் அதைப் படித்து நடந்தால்தான் கோட்டை உடையும். சூனியமே அறியாத அம்ரு அய்யார், மாறுவேடத்தாலும் மதியாலும் பெரும் சூனியக்காரர்களை வீழ்த்துகிறான். கலத்தின் அளவு அங்கே பேச்சிலேயே இல்லை.

இன்றைய ரசிகர் புனைவுகளுள் நாம் மதிக்கத்தக்கது, எலியேசர் யூட்கௌஸ்கி 2010 முதல் 2015 வரை 122 அத்தியாயங்களாக எழுதிய ‘ஹாரி பாட்டரும் பகுத்தறிவின் முறைகளும்’. அதன் நாயகச் சிறுவன் ஓயாமல் உபதேசிக்கிறான், பொறுமை வேண்டும். ஆனால் விதியை விதியாக நடத்தும் நேர்மை நூலாசிரியரிடம் உண்டு. பொருளின் ஒரு பகுதியை மட்டும் உருமாற்ற இயலாது என்பது அவ்வுலகின் நம்பிக்கை. பொருள்களின் எல்லை நம் மனம் இட்ட கோடே என்று உணர்ந்து, 28ஆம் அத்தியாயத்தில் சிறுவன் அதைக் கடக்கிறான். 114ஆம் அத்தியாயத்தில் அவன் உயிர் பிழைப்பது அந்த அறிவைக் கொண்டுதான். வாசகனை ஏமாற்றி வென்ற வெற்றி அன்று.

அதே நூலில் ‘மெர்லினின் தடை’ என்றொரு விதி வருகிறது. பேராற்றல் கொண்ட மந்திரங்கள் உயிருள்ள ஒரு மனத்திலிருந்து உயிருள்ள இன்னொரு மனத்துக்கு மட்டுமே செல்லும். ஏட்டில் எழுதினாலும் படிப்பவனுக்குக் கைவராது. ஆசான் மாணவனின்றி மாண்டால் மந்திரமும் அவனோடு அடங்கும். உலகையே அழிக்கும் அறிவு கண்டவர் கைக்குப் போகாதிருக்கச் செய்த ஏற்பாடு இது. மந்திரம் தேய்ந்ததற்குக் கலப்பு மணத்தால் இரத்தம் கெட்டதே காரணம் என்று அக்கதையின் உயர்குடியினர் வாதிடுகிறார்கள். கெட்டது இரத்தம் அன்று, அறுந்தது கற்பித்தலின் சங்கிலி என்று இவ்விதி காட்டுகிறது. ரௌலிங் கண்டனம் செய்த குலப்பெருமையை, இந்த ஷாரிஹ் சான்று காட்டி மறுத்திருக்கிறார்.

இஜாஸத்தும் ஸனதும் அறிந்தவர்களுக்கு இவ்விதி பழக்கமானதாகவே படும். ஒரு வேறுபாடு உண்டு. நமது ஸனது, சொன்னவர் யாரென்று உறுதிசெய்து அறிவைப் பரப்புவதற்கு ஏற்பட்டது. மெர்லினின் தடை அறிவை அடைப்பதற்கு. அடைக்கப்பட்ட அறிவு யார் கையில் எஞ்சும் என்ற கேள்வியை நாவல் தொடுகிறது. ஆனால் சிறுவனின் உபதேசத்துக்குக் கொடுத்த பக்கங்களை அதற்குக் கொடுக்கவில்லை.