அரசு முன்வருமா?

பாடியில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண் துணிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் வேலை செய்கிறார். கூட்டம் இல்லாத கிழமையாகப் பார்த்துத்தான் விடுப்பு தருவார்கள். அப்படி ஒரு நாள் காலை, கால் வீக்கத்துக்கு வெந்நீர்ப் பை கேட்டுக் கீழே வந்தார். நான் கைபேசியில் சட்டப்பேரவையின் வினா-விடை நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உறுப்பினர் ஒருவர் எழுந்தார். தலைவரை வணங்கினார், தொகுதி மக்களை வணங்கினார், அமைச்சரைப் பாராட்டினார். கடைசியில், தன் ஊருக்கு ஒரு பாலம் கட்டித்தர அரசு முன்வருமா என்பதைப் பேரவைத் தலைவர் வாயிலாக அறிய விரும்புவதாகச் சொல்லி அமர்ந்தார்.

“அக்கா, நாங்க சூப்பர்வைசர்கிட்ட லீவு கேக்குற மாதிரியே கேக்குறாரே” என்றார் அவர்.

2022 ஜனவரியிலிருந்து நமது பேரவையின் வினா-விடை நேரம் நேரலையில் வருகிறது. வந்த நாள் முதல் முடிந்தபோதெல்லாம் பார்த்து வருகிறேன். அதில் நடப்பதை விமர்சிக்க ஆயிரம் அரசியல் கட்டுரைகள் இருக்கின்றன. நான் பார்க்க விரும்புவது அந்த வாக்கியத்தை. ‘முன்வருமா’, ‘ஆவன செய்யுமா’, ‘அரசின் பரிசீலனையில் உள்ளதா’. கட்சி மாறினாலும் ஆட்சி மாறினாலும் இந்த வாக்கியம் மாறுவதில்லை. ஆளுங்கட்சிக்காரரும் இப்படித்தான் கேட்கிறார், எதிர்க்கட்சிக்காரரும் இப்படித்தான் கேட்கிறார். மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியவர், மக்களுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்ட ஒருவரிடம், ஏன் இப்படிக் கேட்கிறார்?

பள்ளியில் தமிழாசிரியை நடத்திய நன்னூல் பாடம் நினைவுக்கு வருகிறது. பவணந்தியார் வினாவை ஆறாகப் பிரிக்கிறார்: அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல். தெரிந்தே கேட்பது அறிவினா. தெரியாமல் கேட்பது அறியா வினா. கடைக்காரரிடம் ‘துவரம்பருப்பு இருக்கிறதா?’ என்று கேட்பது கொளல் வினா. இருக்கிறதா என்று தெரிந்துகொள்வது நோக்கமல்ல, வாங்கிக்கொள்வதே நோக்கம். ‘அரசு முன்வருமா?’ என்பது அச்சு அசலான கொளல் வினா. ஆனால் மளிகைக் கடையில் கேட்பவர் காசு கொடுத்து வாங்குகிறார், அதனால் குரல் தாழ்வதில்லை. இங்கே வரிப்பணமாகக் காசு முன்கூட்டியே கொடுக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் குரல் தாழ்கிறது.

இந்தத் தாழ்ந்த குரல் பெண்களுக்குப் பழக்கமானது. வீட்டில் நாம் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை கொளல் வினாக்கள்தான். அம்மா வீட்டுக்குப் போய்வரட்டுமா, வேலைக்குப் போகட்டுமா, சம்பளத்தில் ஐந்நூறு எடுத்துக்கொள்ளட்டுமா. நம் சம்பளம்தான், ஆனாலும் கேட்டுத்தான் எடுக்கிறோம். ‘ஏன்?’ என்று தொடங்கும் கேள்வியை ஒரு பெண் கேட்டால் அதற்கு வேறு பெயர்: எதிர்த்துப் பேசுவது. ஆக, அதிகாரத்திடம் பேசும் மொழியில் அந்த மாண்புமிகு உறுப்பினரும் எங்கள் மாடி வீட்டுப் பெண்ணும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். வித்தியாசம், அவருக்கு வேறு மொழியில் கேட்கும் உரிமை சட்டப்படி இருக்கிறது.

அந்த உரிமை சும்மா வந்ததல்ல. ஆங்கிலேயர் காலத்தில் 1892 கவுன்சில் சட்டம்தான் முதன்முதலாக உறுப்பினர்களைக் கேள்வி கேட்க அனுமதித்தது. கேட்கலாம், பதில் வரும், அத்தோடு சரி. அந்தப் பதிலின்மேல் இன்னொரு கேள்வி கூடாது. 1909-இல், கேட்டவர் மட்டும் துணைக் கேள்வி கேட்கலாம் என்றானது. 1919 சீர்திருத்தத்துக்குப் பின்தான் எந்த உறுப்பினரும் எழுந்து துணைக் கேள்வி கேட்க முடிந்தது. எழுதிக் கொடுத்த கேள்விக்கு அதிகாரிகள் எழுதிக் கொடுத்த பதிலை அமைச்சர் வாசித்துவிடலாம். துணைக் கேள்விக்குத் தாள் இல்லை. அங்கேதான் அமைச்சருக்குத் துறை தெரியுமா தெரியாதா என்பது வெளியே வரும். இத்தனை ஆண்டுகள் போராடிப் பெற்ற அந்த இரண்டாவது கேள்வியைத்தான் நம் உறுப்பினர்கள் பலர் இன்னொரு பாலத்தைக் கேட்கச் செலவழிக்கிறார்கள். ‘கேள்வியை மட்டும் கேளுங்கள்’ என்று பேரவைத் தலைவர் இடையிடையே சொல்வதைக் கேட்கும்போது, அவருக்கும் இது தெரிந்திருக்கிறது என்றே தோன்றும்.

பதில்களுக்கும் பவணந்தியாரிடம் பட்டியல் உண்டு, எட்டு வகை. சுட்டு, மறை, நேர் என்ற மூன்றும் நேரடியாகச் சொல்பவை. மற்ற ஐந்தும் சுற்றிவந்து சொல்பவை. ‘ஆடுவாயா?’ என்றால் ‘பாடுவேன்’ என்பது இனமொழி விடை. பேருந்து வருமா என்று கேட்டால் மெட்ரோ வரும் என்பது, கழிப்பறை உண்டா என்றால் கண்காணிப்புக் கேமரா வைத்திருக்கிறோம் என்பது. ‘உங்கள் ஆட்சியில் ஏன் செய்யவில்லை?’ என்பது வினா எதிர் வினாதல். பேரவையில் அதிகம் கைத்தட்டல் வாங்குவது இந்த விடைதான். எனக்குப் பவணந்தியார் மேல் ஒரே வருத்தம், கேள்வியே கேட்காமல் வரும் விடைக்கு அவர் பெயர் வைக்கவில்லை. பேரவை விதிகள் வைத்திருக்கின்றன. அதற்குப் பின்னால் வருகிறேன்.

கொளல் வினாவின் பெரிய குறை, அது பணிவானது என்பதல்ல. அதற்கு ‘ஆம்’ என்றோ ‘நிதிநிலைக்கு ஏற்ப’ என்றோ சொல்லிவிட முடியும். ‘எத்தனை?’ என்ற கேள்விக்கு அப்படிச் சொல்ல முடியாது. 2020 செப்டம்பரில் நாடாளுமன்றம் கூடியபோது கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரமே ரத்தானது. எழுத்துப்பூர்வமான கேள்விகளுக்கு மட்டும் அனுமதி. ஊரடங்கில் சொந்த ஊர் திரும்பும் வழியில் புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் இறந்தார்கள் என்று மக்களவையில் கேட்டார்கள். அப்படியொரு கணக்கு பராமரிக்கப்படவில்லை, ஆகவே இழப்பீடு என்ற பேச்சும் எழவில்லை என்று தொழிலாளர் துறை பதில் தந்தது. நடந்தும் லாரி பிடித்தும் மக்கள் ஊர் திரும்பியதை நாடே பார்த்திருந்தது. அரசு அவர்களை எண்ணவே இல்லை என்பதை அரசின் வாயாலேயே சொல்லவைத்தது, ஒற்றைச் சொல் கொண்ட அந்தக் கேள்வி. அதே கூட்டத்தொடரில்தான், துணைக் கேள்வி கேட்க வாய்ப்பில்லாத அவையில், மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நிறைவேறின.

இனி நாற்காலிக்கு வருகிறேன்.

2021 செப்டம்பரில் நமது பேரவையில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 22-ஏ என்று புதிய பிரிவு. கடை ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வசதி தர வேண்டும். இதில் நமக்கு முன்னோடி கேரளம். கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்களை ‘பெண்கூட்டு’ என்ற பெயரில் திரட்டிய விஜி, முதலில் கையிலெடுத்தது கழிப்பறையை. பிறகு நாற்காலி. 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டுச் சட்டத்தைப் பாராட்டி எழுதியவர்களில் நானும் ஒருத்தி. இப்போது அதைத் திரும்ப வாசிக்கும்போது ஒரு சொல்லில் நிற்கிறேன். வேலையின் ஊடே கிடைக்கும் ‘வாய்ப்பை’ப் பயன்படுத்தி உட்காரலாம் என்கிறது பிரிவு. வாய்ப்பு எப்போது கிடைக்கும், அதை யார் முடிவு செய்வது? நாற்காலி சட்டத்தில் இருக்கிறது, நேரம் முதலாளியிடம் இருக்கிறது. கழிப்பறைக்குப் போய்வரும் ஐந்து நிமிடம் பற்றி அந்தப் பிரிவு பேசவே இல்லை. கோழிக்கோட்டுப் பெண்கள் தொடங்கிய இடத்தை நமது சட்டம் தாண்டிக் குதித்துவிட்டது.

எங்கள் மாடி வீட்டுப் பெண்ணிடம் கேட்டேன். அவர் தளத்தில் இரண்டு ஸ்டூல் இருக்கிறதாம். நாற்பது பேருக்கு இரண்டு. அவற்றின் மேல் புடவைக் கட்டு இருக்குமாம்.

1960-களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை எங்களுக்குப் பக்கம்தான். கம்பெனிப் பேருந்துகளும் ஷேர் ஆட்டோக்களும் பெண்களை ஏற்றிக்கொண்டு எம்.டி.எச். சாலையில் போவதைப் பார்த்தே நாங்கள் மணி சொல்வோம். 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் வேலைநேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்டிக்க வழிசெய்யும் மசோதா பேரவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. ஆளும் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன, வெளிநடப்பும் செய்தன. விரும்பும் தொழிலாளர்களுக்கு மட்டும்தான், நான்கு நாள் வேலை, மூன்று நாள் விடுப்பு என்று அமைச்சர்கள் விளக்கம் தந்தார்கள். மூன்று நாளில், ஏப்ரல் 24 அன்று, மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். இது கேள்வி கேட்டவர்களின் வெற்றி, சந்தேகமில்லை. கெஞ்சாமல் கேட்டதால் கிடைத்த வெற்றி.

ஆனாலும் அந்த வெற்றியின் மொழியில் எனக்கொரு குறை உண்டு. எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் உறக்கம் என்ற மே தினக் கணக்கைச் சொல்லியே எல்லோரும் வாதாடினார்கள். அந்தக் கணக்கில் சமையல் எங்கே வருகிறது? ஒன்றிய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் இந்தியப் பெண் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவிடுகிறாள். ஈடுபடும் ஆண், 97 நிமிடம். பன்னிரண்டு மணி நேரத்தோடு ஐந்து மணி நேரத்தைக் கூட்டினால் பதினேழு. மீதி ஏழில் ஷேர் ஆட்டோவும் தூக்கமும். ‘விரும்புபவர்களுக்கு’ என்று அமைச்சர் சொல்லும்போது, ஒப்பந்தக்காரர் வழியாக வேலைக்கு வந்த பெண்ணின் விருப்பத்தை எந்தப் படிவத்தில் பதிவார்கள் என்று கேட்பதுதான் உண்மையான துணைக் கேள்வி.

பெண்கள் அதிகம் பேர் அவைக்கு வந்தால் இந்தக் கேள்விகள் வந்துவிடும் என்கிறார்கள். 2021 தேர்தலில் 234 பேரில் 12 பெண்கள் வென்றார்கள். 34 பேர் அமைச்சரவையில் இரண்டு பெண்கள். 2023-இல் நிறைவேறிய இடஒதுக்கீட்டுத் திருத்தம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் தொகுதி மறுவரையறையையும் காத்திருக்கச் சொல்கிறது. எண்ணிக்கை கூடவேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சில்லை. எண்ணிக்கை கூடினால் மொழி மாறிவிடும் என்பதில் இருக்கிறது.

முத்துலட்சுமி ரெட்டி 1926-இல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். அந்த அவையின் முதல் பெண் உறுப்பினர், துணைத் தலைவரும் ஆனார். 1927-இல், கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதை நிறுத்தச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஆவன செய்யுமா என்று கேட்டு அமரவில்லை, ஆண்கள் நிறைந்த அவையை நிலைப்பாடு எடுக்கவைத்தார். அதற்காக அவரை எவ்வளவு கொண்டாடினாலும் தகும். அதே ஆண்டு சென்னைத் தேவதாசிகள் சங்கம் அரசுக்கு எதிர்ப்பு மனு அனுப்பியது. யாருக்காக அவை பேசியதோ அவர்கள் அவைக்கு வெளியே, மனு எழுதும் இடத்தில் நின்றார்கள். அவர்கள் சொன்னதோடு நான் உடன்படவில்லை. உள்ளே இருந்த ஒரே பெண் கேட்டதே எல்லாப் பெண்களின் கேள்வி என்றாகிவிட்டதை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன்.

அடுத்தது கசப்பானது. 1989 மார்ச் 25, நிதிநிலை அறிக்கை நாள். எதிர்க்கட்சித் தலைவராக ஒரு பெண் அமர்ந்திருந்த அவை. அன்றைய அமளியில் தன் சேலை இழுக்கப்பட்டதாகச் சொல்லி, முதல்வராகத்தான் திரும்பி வருவேன் என்று ஜெயலலிதா வெளியேறினார். யார் தொடங்கியது என்று கட்சிக்காரர்கள் இன்றும் சண்டையிடுகிறார்கள். கேள்வி கேட்க எழுந்த பெண்ணுக்கு உடம்பு நினைவூட்டப்பட்டது என்பதற்கு மேல் எனக்கு அதில் விவரம் தேவையில்லை. ஆனால் 2011-க்குப் பின் அவர் அதிகம் கையாண்டது எது? 110-ஆவது விதி. அந்த விதியின்கீழ் அறிக்கை வாசித்தால் அதன்மீது விவாதம் கூடாது. நான் முன்பு சொன்ன, கேள்வியே இல்லாமல் வரும் விடை இதுதான். கேட்டதற்காக அவமானப்பட்டவர், யாரும் கேட்க முடியாத விதியைப் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பின் வந்தவர்களும் அதை விடவில்லை. மேசைகள் தட்டப்படுகின்றன, திட்டங்கள் கொடையாக இறங்குகின்றன. ‘மகளிர் உரிமைத் தொகை’ என்று பெயரிலேயே உரிமை இருக்கும் திட்டத்துக்கும் ‘தகுதி வாய்ந்த’ குடும்பத் தலைவி என்ற அடைமொழி வந்தது. ஆண்டுக்கு 3,600 யூனிட் மின்சாரத்துக்கு மேல் போனால் தகுதி போய்விடும். மீட்டர் யார் பெயரில் இருக்கிறது, அந்தப் பணம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி விண்ணப்பத்தில் இல்லை.

அன்று மாலை மாடி வீட்டுப் பெண்ணோடு உட்கார்ந்து, பேரவையில் கேட்கும் முறைப்படியே ஒரு வினாவை எழுதிப் பார்த்தேன். (அ) 22-ஏ பிரிவு வந்த பின் இதுவரை எத்தனை கடைகள் ஆய்வு செய்யப்பட்டன. (ஆ) எத்தனை கடைகளில் ஊழியர் எண்ணிக்கைக்கு ஏற்ற இருக்கைகள் இருந்தன. (இ) இல்லாத கடைகள்மீது எடுத்த நடவடிக்கை என்ன. (ஈ) பெண் ஊழியர்களுக்குத் தனிக் கழிப்பறை எத்தனை கடைகளில் உள்ளது. ‘முன்வருமா’ எங்கும் இல்லை. படித்துக் காட்டினேன். வெந்நீர்ப் பையைக் காலில் இருந்து எடுக்காமலே கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு. இன்னொண்ணு சேருங்கக்கா. உக்காந்தா கேமராவுல பாத்து மேல இருந்து போன் வருது. அந்த போன் பண்றது யாருன்னு கேளுங்க.”

(உ) என்று போட்டு எழுதிக்கொண்டேன்.