இழுப்பறையை உருவிக் கவிழ்த்துப் பாருங்கள்

செட்டிநாட்டுப் பக்கம் ஒரு பழம்பொருள் கடை. வாசலிலேயே தேக்கில் ஒரு இழுப்பறைப் பெட்டகம். மூலைக்கு மூலை பித்தளைப் பட்டை, மரத்துக்குள்ளேயே பதித்த கைப்பிடிகள். "அண்ணே, இருநூறு வருசத்துப் பெட்டி. வெள்ளைக்கார துரை வச்சிருந்தது" என்றார் கடைக்காரர். நான் இரண்டடி பின்னால் போய் நின்று ரசித்தேன். எல்லாரும் செய்வது அதுதான். வயது தெரிய வேண்டுமென்றால் அங்கே நின்று பயனில்லை. முகப்பு, விருந்தாளி பார்ப்பதற்காகச் செய்தது. யாரும் பார்க்க மாட்டார்கள் என்று ஆசாரி நினைத்த இடங்கள் முதுகிலும், அடியிலும், இழுப்பறைக்குள்ளும் இருக்கின்றன.

அனுமதி கேட்டு ஒரு இழுப்பறையை முழுதாக உருவுங்கள். முகப்புப் பலகையும் பக்கப் பலகையும் சேரும் மூலையைப் பாருங்கள். புறா வாலைப் போல விரிந்த நாக்குகள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும். ஆசாரிகள் டவ்டெயில் என்பது இதைத்தான். கையால் வெட்டியதென்றால் நாக்குகளின் அகலம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். வெட்டுவதற்கு முன் கூர்முனையால் கீறிய கோடு ஓரத்தில் மங்கலாகத் தெரியும். உளி அந்தக் கோட்டை மயிரிழை தாண்டியிருந்தால் இன்னும் நல்லது. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் செய்தவற்றில் தடித்த நாக்குகள் இரண்டு மூன்றுதான் இருக்கும். 18-ஆம் நூற்றாண்டு போகப் போக அவற்றின் எண்ணிக்கை கூடி, இடைவெளிகள் ஊசிபோல ஒடுங்கின. எல்லா நாக்கும் அச்சில் வார்த்தாற்போல ஒரே அளவென்றால் அது இயந்திர வேலை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதிக்கு முன்னால் போகாதீர்கள்.

இனி இழுப்பறையைக் கவிழ்த்து மடியில் வையுங்கள். அடிப்பலகையின் ரேகை முன்னிருந்து பின்னாக ஓடுகிறதா, இடமிருந்து வலமாக ஓடுகிறதா? ஆங்கிலேய வேலையில் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிவரை முன்-பின் ஓட்டம்தான் வழக்கம். பிறகு மெல்ல மெல்லக் குறுக்கு ஓட்டத்துக்கு மாறினார்கள். ஒட்டுப்பலகை வந்தால் ஒன்று அது 20-ஆம் நூற்றாண்டு, இல்லை யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள்.

கைபேசி விளக்கைப் பலகையோடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாததெல்லாம் நிழலாக எழும்பி வரும். நேரான, ஒழுங்கில்லாத கீறல்கள் கைரம்பத்துடையவை. பிறை பிறையாக வளைந்த கீறல்கள் வட்டரம்பத்துடையவை, 19-ஆம் நூற்றாண்டில் பரவியது. கண்ணைவிட விரல் நுனி கெட்டிக்காரன்: இழைப்புளி ஓடிய பலகையில் ஆற்று மணல்போல மெல்லிய மேடு பள்ளம் தட்டுப்படும்.

கைப்பிடியை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். மோஸ்தர் மாறும்போதெல்லாம் மாற்றப்படுவது அதுதான். முகப்புப் பலகையின் உட்புறத்தைப் பார்த்தால் அடைத்த பழைய துளைகள் பல்லைக் காட்டும். திருகாணி இன்னும் நல்ல சாட்சி. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அதன் முனை மொட்டை. கூர்முனை அதற்குப் பிறகு வந்தது. பூட்டில் 'வி.ஆர்.' என்று இருந்தால் விக்டோரியா காலம், 1837 முதல் 1901 வரை. பிராமா வகைப் பூட்டென்றால் 1784-க்கு முன் இருக்க முடியாது, காப்புரிமை அந்த வருடம்தான். பின்னால் எத்தனை வருடம் வேண்டுமானாலும் தள்ளிப் போகலாம். பிறகு மாட்டியவற்றை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் ஆகப் புதியது எது என்று கேளுங்கள். பெட்டகத்தின் வயது அதைத் தாண்டாது.

கடைசல் கால் இருந்தால் ஒரு விளையாட்டு விளையாடலாம். மரம் ரேகைக்குக் குறுக்கேதான் சுருங்கும், அதிலும் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் அல்ல. வட்டமாகக் கடைந்தது நூறு வருடத்தில் லேசாக முட்டை வடிவம் ஆகியிருக்கும். காலின் விட்டத்தைக் காகிதத் துண்டால் ஒருமுறை ஒரு திசையிலும், ஒருமுறை அதற்குக் குறுக்கேயும் அளந்து பாருங்கள். அச்சு அசலாக வட்டமென்றால் சந்தேகப்படலாம்.

பூச்சி அரித்த ஓட்டைக்கு மயங்காதீர்கள். ஓட்டை வட்டமாக இருந்தால் சரி. வாய்க்கால்போலப் பலகையின் மேலேயே நீண்டு கிடந்தால், அரித்த பழைய மரத்தைப் பின்னர் அறுத்துப் புதிதாகக் கோத்திருக்கிறார்கள்.

நம் கடைக்காரரின் பெட்டகத்துக்கு வருவோம். அதன் வகைக்குப் பெயர் கேம்பெய்ன் செஸ்ட். பாளையத்தோடு அலைந்த ராணுவ அதிகாரிகளுக்காகச் செய்தது. எங்கும் முட்டாமல் இருக்கப் பதித்த கைப்பிடி, மூலை சிதையாமல் இருக்கப் பித்தளை, கழற்றித் திருகும் கால்கள். தூக்கிச் செல்ல வசதியாக மேல் பாதி, கீழ் பாதி என இரண்டாகப் பிரியும். ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் புழங்கியவற்றில் தேக்கும் உண்டு, கற்பூர மரமும் உண்டு. கற்பூர மரமென்றால் இழுப்பறையைத் திறந்ததுமே மூக்கு சொல்லிவிடும்.

இரண்டாகப் பிரியும் என்பதில்தான் வம்பு. ஒரு பாதி கெட்டால் வேறொன்றிலிருந்து எடுத்து மாட்டிவிடுவார்கள். மேல் பாதி இழுப்பறையை மடியில் கவிழ்த்தேன்: கீறிய கோடு, முன்னே பின்னேயான நாக்குகள், மொட்டைத் திருகாணி. கீழ் பாதியில் அத்தனை நாக்கும் ஒரே அளவு. அடியில் பிறைக் கீறல்.

கடைக்காரரைக் கூப்பிட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். குனிந்து நிதானமாகப் பார்த்தார். அவருக்குக் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை.

"அப்ப மேல் பாதிக்கு மட்டும் ஒரு விலை சொல்லுங்கண்ணே."

சொன்னேன். கால் இல்லாமல் இப்போது என் அறையில் தரையோடு உட்கார்ந்திருக்கிறது. எந்த மழைக்காலத்திலும் இரண்டாவது இழுப்பறை மட்டும் திறக்காது.