இரவுநேர உரையாடலும் வினாவிடை மரபும்

பேச்சு இருவகைத்து. பலர் கேட்க ஒருவர் பேசுவது ஒன்று. பலர் கேட்க இருவர் தம்முட் பேசுவது மற்றொன்று. முன்னையது சொற்பொழிவு, பின்னையது உரையாடல். யாழ்ப்பாணத்துச் சொற்பொழிவு மரபுக்கு நாளும் இடமும் குறிக்கலாம். 1847ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே ஆறுமுக நாவலர் தொடங்கிய பிரசங்கம் அதற்கு வித்தாயிற்று. உரையாடலுக்கோ அவ்வாறு நாள் குறிப்பார் இலர். அது திண்ணையிலே பிறந்து திண்ணையிலேயே மறைவது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது புராணபடனம். ஒருவர் செய்யுளை வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவர்; அவையோர் இருவர் குரலையும் மாறிமாறிக் கேட்பர்.

மறைந்துபோகும் இயல்பினதாகிய உரையாடலை நிலைத்த கலையாக்கிய பெருமை இருபதாம் நூற்றாண்டின் ஒலிபரப்புக்கும் ஒளிபரப்புக்கும் உரியது. அமெரிக்காவிலே என். பி. சி. நிறுவனம் 1950ஆம் ஆண்டில் 'புரோட்வே ஓப்பன் ஹவுஸ்' என்னும் இரவு நிகழ்ச்சியைத் தொடங்கிற்று. அது பெரும்பாலும் நகைக்கூத்தே; அடுத்த ஆண்டிலேயே முடிவுற்றது. 1954ஆம் ஆண்டு செப்டெம்பர் 27ஆம் நாள் ஸ்டீவ் அலன் 'ருநைட்' நிகழ்ச்சியை நாடளாவத் தொடங்கினார். வானொலியிலே பயின்று வந்த அவர், துயிலப்போகும் ஒருவனோடு பேசுமாறு பேச அறிந்திருந்தார். 1957இல் அவர்க்குப்பின் வந்த ஜாக் பார் உரையாடலையே நிகழ்ச்சியின் உயிராக்கினார். கழிப்பிடம் பற்றிய நகைத்துணுக்கொன்று தணிக்கையிலே நீக்கப்பட்டமைக்காக, 1960ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆம் நாள் நிகழ்ச்சியின் நடுவே அவர் எழுந்து சென்றார். மார்ச்சு மாதத்தில் மீண்டார். பின்னர் ஜோனி கார்சன் 1962 முதல் 1992 வரை முப்பதாண்டு அவ்விருக்கையில் அமர்ந்தார்.

இக்கலையின் இயல்பை ஆராய்தற்குத் தமிழிலே கருவி இல்லாமற் போகவில்லை. பவணந்தியார் நன்னூலிலே வினா ஆறென்றும் விடை எட்டென்றும் வகுத்தார். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பன வினாவகை. இரவுநேர நிகழ்ச்சியை நடத்துவோர் விருந்தினர் கூறப்போவதைப் பெரும்பாலும் முன்னரே அறிந்திருப்பர். அவர்தம் உதவியாளர் விருந்தினரோடு முன்கூட்டியே பேசிக் குறிப்பெடுத்தல் வழக்கம். ஆதலின் அரங்கில் எழுவது அறிவினாவே. ஆயினும் அஃது அறியாவினாவின் வேடம் பூண்டு வருகின்றது. வேடம் பொருந்தினாற் சுவை பிறக்கும். பொருந்தாவிடின் மனப்பாடம் ஒப்புவித்தலாய் முடியும்.

விடையின் பகுப்பு இன்னும் நுண்ணியது. சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் வினாவுக்கு நேராக இறுப்பன. ஏவல், எதிர்வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் குறிப்பாற் பொருளுணர்த்தி விடையாவன. 'சந்தைக்குப் போனாயா?' என்றார்க்கு, 'வழியெல்லாம் வெள்ளம்' எனின், அஃது உற்றதுரைத்தலாம். மனிதனின் குணமும் நகையும் துயரும் வெளிப்படுவன இவ்வைந்திலேயே. விருந்தினர் இவ்வழியிற் செல்ல இடங்கொடுத்துக் காத்திருத்தலே நல்ல உரையாடுவோனின் இலக்கணம்.

தமிழ்த் தொலைக்காட்சி இவ்வழியை மிகுதியாக மேற்கொள்ளவில்லை. சென்னைத் தொலைக்காட்சி 1975இலும், இலங்கை ரூபவாகினி 1982இலும் தோன்றின. தனியார் அலைவரிசைகள் பெருகியபின் தமிழர் பெரிதும் விரும்பிய பேச்சு நிகழ்ச்சிகள் மேடை மரபிலிருந்தே கிளைத்தன. சன் தொலைக்காட்சியில் விசு நடத்திய 'அரட்டை அரங்கம்' பெயரால் அரட்டையாயினும் அமைப்பால் அரங்கமே. விஜய் தொலைக்காட்சியில் 2006இல் தொடங்கிய 'நீயா நானா' இரு அணியாரை எதிரெதிரே இருத்திற்று. இதன் வேர் பழையது. மணிமேகலை கூறும் பட்டிமண்டபமும், காரைக்குடிக் கம்பன் கழகம் வளர்த்த பட்டிமன்றமும், 1980இல் யாழ்ப்பாணத்தில் எழுந்த அகில இலங்கைக் கம்பன் கழகத்தின் அரங்குகளும் ஒரே மரபின. இந்நிகழ்ச்சிகள் எளியோர் கையிலும் ஒலிவாங்கியைக் கொடுத்தன. அது சிறு நன்மையன்று. ஆயினும் அணிபிரிந்து பேசுவோர்க்கு நேரும் மறையுமே பெரிதும் வேண்டப்படும் விடைகள். 'ஆம்' என்பார் ஒருபுறமும் 'அன்று' என்பார் ஒருபுறமும் அமர்ந்தபின், வழியெல்லாம் வெள்ளம் என்று கூறவந்தவனுக்கு இருக்கை ஏது?

அவ்விருக்கை தமிழில் என்றும் இல்லாதிருந்ததோ எனின், அன்று. அது வானொலியில் இருந்தது. யாழ்ப்பாணத்தவரான சோ. சிவபாதசுந்தரம் இலங்கை வானொலியிலும் இலண்டன் பி. பி. சி.யிலும் பணியாற்றியவர், பி. பி. சி.யின் தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' என்னும் பெயரை இட்டவர். 'ஒலிபரப்புக்கலை' என்னும் நூலையும் இயற்றியவர். 1990களில் மின்சாரம் அற்றிருந்த யாழ்ப்பாணத்து வீடுகளிலே, மிதிவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலியை இயக்கி, இரவிலே தமிழோசையைக் கேட்டனர். அங்கே ஒலித்த செவ்விகளில் வினவியவர்க்கும் விடை தெரியாது, கேட்போர்க்கும் தெரியாது. எவ்வூரில் என்ன நேர்ந்தது, எப்பாதை திறந்தது என்பன வேடம் பூணாத அறியாவினாக்கள். விடையை எதிர்நோக்கி ஒரு குடும்பம் இருளிலே மூச்சடக்கி இருந்தது. மிதிப்பவரின் கால் ஓய்ந்தாற் குரலும் ஓயும்.

அமெரிக்க இரவு நிகழ்ச்சி களிப்பிற்காக எழுந்தது; யாழ்ப்பாணத்து இரவுக் கேள்வி இடுக்கண் காரணமாக எழுந்தது. இரண்டையும் ஒருதட்டில் நிறுத்தல் பொருந்தாது. எனினும் இரண்டற்கும் பொதுவாயது ஒன்றுண்டு: வீட்டிலிருந்து கேட்கும் தனியொருவரை நோக்கிய பேச்சு அது. கைதட்டும் கூட்டத்தை நோக்கியதன்று. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017இல் நின்றது. தமிழ்த் தொலைக்காட்சியிடம் பொருளும் கருவியும் நிரம்ப உண்டு, நாவன்மையுடையார்க்கும் குறைவில்லை. வேண்டுவது, விடை அறியாது வினவும் நேர்மையும், விடை வரும்வரை வாளாவிருக்கும் பொறுமையுமே. அவை வாய்க்குமாயின், பட்டிமண்டபத்தின் அருகே திண்ணைக்கும் ஓரிடம் கிடைக்கும்.