அழுக்கு நீங்கிய பிணங்கள்

பிணங்கள் எழுந்துவரும் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்தைப் பார்த்தாயிற்று என்று சொல்பவர்களில் பலர் அதைப் பாதிதான் பார்த்திருக்கிறார்கள். கடைசிவரை உட்கார்ந்திருப்பார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்களுக்குக் கிடைத்த பிரதியில் பாதிப் படம் கண்ணுக்கே தெரிந்திருக்காது. முகமெல்லாம் மாவு பூசியதுபோல் வெளுத்திருக்கும், இரவுக் காட்சியெல்லாம் ஒரே கறுப்பாக இருக்கும், வசனத்துக்குப் பின்னால் ஓயாத இரைச்சல் ஓடும். நானும் அப்படிப்பட்ட மலிவு டிவிடி ஒன்றில்தான் முதலில் பார்த்தேன். ஒரே உறையில் பத்துப் பேய்ப்படங்களைத் திணித்து விற்ற காலம் அது.

இந்தக் கதிக்குக் காரணம் ஒரு தலைப்பு அட்டை. பிட்ஸ்பர்க் நகரத்து இளைஞர்கள் சிலர் ஆளுக்கு 600 டாலர் போட்டு ‘இமேஜ் டென்’ என்ற பெயரில் தொடங்கிய படம் இது. மேலும் பணம் திரட்டி, மொத்தம் ஏறக்குறைய 1,14,000 டாலரில் முடித்தார்கள். அப்போது அதற்கு இருந்த பெயர் ‘நைட் ஆஃப் தி ஃப்ளெஷ் ஈட்டர்ஸ்’. 1964-லேயே ‘தி ஃப்ளெஷ் ஈட்டர்ஸ்’ என்று ஒரு படம் வந்திருந்ததால், விநியோகம் செய்த வால்டர் ரீட் நிறுவனம் பெயரை மாற்றியது. பதிப்புரிமை வரி அந்தப் பழைய தலைப்பு அட்டையில்தான் இருந்தது. புதிய அட்டையில் அதைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, அந்த வரி இல்லாமல் வெளியானால் உரிமை போயிற்று. 1968 அக்டோபரில் திரைக்கு வந்த நாளிலேயே படம் ஊர்ச்சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் படியெடுத்து விற்கலாம் என்றானபோது, நல்ல பிரதி எடுக்கக் காசு செலவழிக்க ஒருவருக்கும் அவசியம் இல்லாமல் போனது. படியின் படி, அதன் படி என்று இறங்கிக்கொண்டே வந்தது. 1986-ல் ஒருவர் வண்ணம் பூசினார், 2004-ல் இன்னொருவர் பூசினார். 1998-ல், எழுதியவர்களில் ஒருவரான ஜான் ரூஸோவே புதிதாகக் காட்சிகள் எடுத்து நடுவில் ஒட்டினார். அந்த ஒட்டுப்போட்ட படத்தைப் பற்றி இதற்குமேல் பேசாமல் இருப்பது நல்லது.

இப்போது என் கையில் இருப்பது அமெரிக்காவின் க்ரைடீரியன் நிறுவனத்தின் சிறப்புப் பதிப்பு. ப்ளூ-ரே 2018 பிப்ரவரியிலும் 4கே பதிப்பு 2022 அக்டோபரிலும் வந்தன. நான் பார்த்தது பின்னது. பெட்டிக்குள் படம் மட்டும் உள்ள ஒரு 4கே டிஸ்க்கும், படத்தோடு மற்ற சரக்கெல்லாம் உள்ள இரண்டு ப்ளூ-ரேக்களும், விமர்சகர் ஸ்டூவர்ட் க்ளாவன்ஸின் கட்டுரையும் இருக்கின்றன. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமும், மார்ட்டின் ஸ்கார்செஸி தொடங்கிய ஃபிலிம் ஃபவுண்டேஷனும் சேர்ந்து, கேமராவில் ஓடிய மூல நெகட்டிவிலிருந்தே 4கே தரத்தில் ஸ்கேன் செய்து மீட்ட படம் இது. இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ கூட இருந்து மேற்பார்த்தார். 2017 ஜூலையில், 77 வயதில் அவர் இறந்துபோனார். மீட்ட படத்தை அவர் பார்த்துவிட்டார். டிஸ்க்தான் அவருக்குப் பிறகு வந்தது.

டிஸ்க்கைப் போடுமுன் டிவியைச் சரிசெய்யுங்கள். அசைவை வழுவழுப்பாக்கும் வசதி, இரைச்சல் நீக்கி, கூர்மை கூட்டி என்று கடையிலிருந்து வரும்போதே முடுக்கிவிடப்பட்டிருக்கும் அத்தனையையும் அணைத்துவிட வேண்டும். திரையில் நுண்மணல் போல அசையும் புள்ளிகள் ஃபிலிமின் இயல்பு. அதைக் கோளாறு என்று நினைத்துத் துடைக்கப் போனால் முகங்கள் மெழுகாகிவிடும். படம் பழைய சதுரவாட்டு அளவில், 1.37-க்கு 1 என்ற விகிதத்தில் எடுக்கப்பட்டது. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை நிற்கும், நிற்கட்டும். இழுத்து நிரப்பினால் ஆட்களின் தலை தட்டையாகும்.

முதல் காட்சியிலேயே வித்தியாசம் தெரிந்துவிடுகிறது. பென்சில்வேனியாவின் எவன்ஸ் சிட்டிக்கு வெளியே உள்ள கல்லறைத் தோட்டத்துக்கு அண்ணன் ஜானியும் தங்கை பார்பராவும் காரில் வருகிறார்கள். பழைய பிரதிகளில் இது ஏதோ மங்கலான மேட்டுநிலம். இங்கே கல்லறைகளின் சொரசொரப்பும், காய்ந்த இலைகளும், தூரத்தில் தள்ளாடிவரும் ஒரு மனிதனின் கிழிந்த கோட்டும் தனித்தனியாகத் தெரிகின்றன. அவன் வருவதை நாம் முன்பே பார்த்துவிடுகிறோம். பார்பராவும் ஜானியும் அவனைப் பொருட்படுத்தவில்லை. தெளிவு கூடியதால் பயம் கூடிய இடம் இது.

பார்பரா ஓடி ஒளியும் பண்ணை வீட்டுக்குள் கதை போனதும் எனக்கு உண்மையிலேயே ஆச்சரியம். ஆவணப்படம் போல, செய்திப்படம் போலக் கரடுமுரடாக எடுத்திருக்கிறார்கள் என்று இந்தப் படத்தைப் பற்றி ஆண்டாண்டாய் எழுதிவருகிறார்கள். வீட்டுக்குள் நடக்கும் காட்சிகளைப் பொறுத்தவரை அந்தக் கரடுமுரடில் பெரும்பங்கு கெட்ட பிரதிகளின் கைவேலை என்று இப்போது தெரிகிறது. 35 மி.மீ. ஃபிலிமில், ஒவ்வொரு விளக்கையும் யோசித்து வைத்து எடுத்திருக்கிறார்கள். சுவரில் மாட்டிய மிருகத் தலைகள்மேல் விழும் வெளிச்சம், சாய்ந்த கோணத்தில் நீளும் நிழல்கள், இசைப்பெட்டியின் இடைவெளி வழியே தெரியும் பார்பராவின் கண் எல்லாம் கைதேர்ந்தவர்களின் வேலை. அவர்கள் கைதேர்ந்தவர்கள்தாம். ரொமேரோவின் ‘லேட்டன்ட் இமேஜ்’ நிறுவனம் விளம்பரப் படங்கள் எடுத்துத்தான் பிழைத்தது. குழந்தைகளுக்குப் பிரியமான ‘மிஸ்டர் ராஜர்ஸ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகவும் அவர் சிறு படங்கள் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதே கைதான் இங்கே பிணங்களுக்குக் குடல் தின்னக் கொடுத்தது.

அந்தக் குடல் காட்சியைப் பற்றி எச்சரித்துவிடுகிறேன். படத்துக்குப் பணம் போட்டவர்களில் கசாப்புக் கடை வைத்திருந்தவரும் ஒருவர். லாரி வெடித்த பிறகு பிணங்கள் தின்பது அவர் கொண்டுவந்த அசல் சரக்கு. பழைய பிரதியில் என்னவென்று புரியாத ஈரக் கறுப்பாக இருந்தது, இங்கே என்னவென்று நன்றாகவே புரிகிறது. ரத்தமாக ஊற்றியது சாக்லேட் சிரப். கறுப்பு-வெள்ளையில் அதன் அடர்த்தி சரியாக எடுபடுகிறது. ஆனால் தெளிவுக்கும் ஒரு விலை உண்டு. மாடியில் கிடக்கும் சடலத்தின் முகம் பொம்மை என்று பளிச்சென்று தெரிகிறது, சில பிணங்களின் ஒப்பனை கழுத்தோடு நின்றுவிடுவதும் தெரிகிறது. எனக்கு அது உறுத்தவில்லை. பேய்ப்படத்தில் ஒட்டவைத்த மூக்கைத் தேடிப் பிடித்து மகிழும் கூட்டத்துக்கு இது விருந்து.

முடிவு தெரியாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். இந்தப் பதிப்பின் உண்மையான லாபம் கடைசிப் பத்து நிமிடத்தில் இருக்கிறது. விடிந்ததும் படத்தின் தோற்றமே மாறுகிறது. ஹெலிகாப்டர், துப்பாக்கியோடு வயலில் நடக்கும் ஊர் ஆட்கள், நாய்கள், ஷெரிஃபிடம் மைக்கை நீட்டும் தொலைக்காட்சிக்காரர் எல்லாம் செய்திப்படப் பாணி. இரவு முழுக்கப் போராடி, வீட்டில் இருந்தவர்களில் தனியாளாகத் தப்பிய பென், ஜன்னலருகே வருகிறான். பிணம் என்று நினைத்துச் சுடுகிறார்கள். பிறகு வருவது அசையாத புகைப்படங்கள். கொக்கிகள், அவன் உடல், சுற்றி நிற்கும் வெள்ளை முகங்கள். செய்தித்தாளில் அச்சான படங்கள் போல வேண்டுமென்றே புள்ளிபுள்ளியாக, கரகரப்பாக வைத்திருக்கிறார்கள். படம் முழுக்கவே அழுக்காக இருந்த பிரதிகளில் இந்த அழுக்கு தனியாகத் தெரிந்ததே இல்லை. ஒன்றரை மணி நேரம் துல்லியமான சினிமா பார்த்த கண்ணுக்கு, திடீரென்று தினசரியில் வந்த புகைப்படம் தெரிகிறது. கதை என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது செய்தியாகிவிடுகிறது. பென்னாக நடித்த ட்வேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். படச்சுருளைக் காரில் போட்டுக்கொண்டு நியூயார்க் போகும் வழியில்தான் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட செய்தியை வானொலியில் கேட்டதாக ரொமேரோ பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அது 1968 ஏப்ரல் 4. படத்தை அதற்கு முன்பே எடுத்து முடித்திருந்தார்கள்.

ஒலி மோனோதான். சரவுண்ட் சவுண்ட் என்று புதிதாகப் பிய்த்துப் பரப்பாமல் விட்டதற்கு நன்றி சொல்ல வேண்டும். பழைய இரைச்சலை எடுத்துவிட்டதால் சுத்தியல் அடியும், வெளியே பூச்சிகளின் ரீங்காரமும், நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருக்கும் வானொலிக் குரலும் தெளிவாகக் கேட்கின்றன. அந்த வானொலிக் குரலும் இதில் ஒரு பாத்திரம்தான். வெளியே உலகம் எப்படிச் சரிகிறது என்பதை அதை வைத்தும் காட்டிவிடுகிறார்கள். பெரிய செலவு இல்லை. பின்னணி இசைகூடப் பெரும்பாலும் கேபிடல் நிறுவனத்தின் ‘ஹை-க்யூ’ இசைத் தொகுப்பிலிருந்து எடுத்துப் போட்டதுதான். அதே துண்டுகள் 1959-ல் வந்த ‘டீனேஜர்ஸ் ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ படத்திலும் ஒலிக்கின்றன. அங்கே சிரிப்பு வரும், இங்கே வராது.

கூடுதல் சரக்கில் முதலில் ட்வேன் ஜோன்ஸின் பழைய பேட்டியைக் கேளுங்கள். 1988-ல் இறந்துபோன அவர் இந்தப் படத்தைப் பற்றி அதிகம் பேசியவரில்லை. திரைக்கதையில் பென் படிக்காத, முரட்டுப் பேச்சுக்கார லாரி ஓட்டுநர். அந்த வசனங்களைத் தன் பேச்சுக்கு மாற்றிக்கொண்டவர் ஜோன்ஸ். பென்னின் நிதானமும் மிடுக்கும் அவர் கொண்டுவந்தவை. 1994-ல் பதிவான இரண்டு வர்ணனைத் தடங்களில் ரொமேரோவும் நண்பர்களும் ஒருவரை ஒருவர் கிண்டலடித்துக்கொண்டு கதை சொல்கிறார்கள், அரட்டைக்காகவே கேட்கலாம். பிணங்களாக நடித்தவர்களை எப்படி நடக்கவைத்தார்கள் என்ற தொகுப்பும் நன்று. இயக்குநர்கள் கியர்மோ டெல் டோரோ, ஃப்ராங்க் டாராபான்ட், ராபர்ட் ராட்ரிகஸ் மூவரும் பேசும் பகுதி முழுக்கப் பாராட்டு விழா. ‘நைட் ஆஃப் அனுபிஸ்’ என்ற பழைய பெயரில், இறுதி வடிவம் பெறாத வேலைப் பிரதியும் இருக்கிறது. படத்தொகுப்பு படிப்பவர்களுக்குப் பயன்படும், மற்றவர்கள் ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிடுவார்கள்.

இனி வாங்குவதைப் பற்றி. ப்ளூ-ரே டிஸ்க்குகளுக்கு ரீஜன் பூட்டு உண்டு. இந்தப் பெட்டியில் உள்ள ப்ளூ-ரேக்கள் ‘ஏ’ ரீஜன், இந்தியா ‘சி’ ரீஜன். என் பழைய பிளேயர் டிஸ்க்கை உள்ளே வாங்கி, ஒரு எச்சரிக்கையைக் காட்டி, வெளியே துப்பிவிட்டது. எல்லா ரீஜனும் ஓடும் பிளேயரில் போட்டுத்தான் பேட்டிகளைப் பார்க்க முடிந்தது. 4கே டிஸ்க்குக்கு அந்தப் பூட்டு கிடையாது, எந்த நாட்டு 4கே பிளேயரிலும் ஓடும். ஆக, இந்தியாவில் சாதாரண 4கே பிளேயர் வைத்திருப்பவர் 39.95 டாலர் ப்ளூ-ரேயை வாங்கினால் படமே ஓடாது, 49.95 டாலர் 4கே பெட்டியை வாங்கினால் படம் ஓடும், பேட்டிகள் ஓடா. சிங்கப்பூர், மலேசியா, கனடாவில் இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, அவை ‘ஏ’ ரீஜன் நாடுகள். இந்தியாவுக்கு வரவழைத்தால் இந்த விலையோடு தபால் செலவும் சுங்கமும் சேரும். சப்டைட்டில் ஆங்கிலத்தில் மட்டுமே.

4கேயா ப்ளூ-ரேயா என்றால், என் 55 அங்குல டிவியில் சோபா தூரத்திலிருந்து பார்க்கும்போது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அருகில் போனால் ஃபிலிம் புள்ளிகள் 4கேயில் இன்னும் நுணுக்கமாக இருக்கின்றன, இருட்டுக் காட்சிகளில் நிழலின் விவரம் கொஞ்சம் கூடுகிறது, அவ்வளவுதான். ப்ரொஜெக்டர் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். 2018 ப்ளூ-ரேயை ஏற்கெனவே வாங்கி, அது உங்கள் பிளேயரில் ஓடவும் செய்கிறதென்றால், மறுபடி செலவழிக்க வேண்டாம்.

பழைய மலிவுப் பிரதியில் பார்த்துவிட்டு, ‘இதைப் போய்ப் பெரிய படம் என்கிறார்களே’ என்று ஒதுக்கியவர்களுக்குத்தான் இந்தப் பெட்டியை முதலில் பரிந்துரைப்பேன். நம் ஊர் ‘மிருதன்’ வரை பிணங்கள் கூட்டமாக எழுந்து துரத்தும் படங்கள் எல்லாவற்றுக்கும் மூலம் இங்கேதான் இருக்கிறது. முதல்முறை பார்ப்பவர்கள் இணையத்தில் கிடைக்கும் இலவசப் பிரதியில் தொடங்க வேண்டாம். காசு இல்லையென்றால், இந்த மீட்டெடுத்த பிரதியை ஏதாவது ஃபிலிம் சொசைட்டி திரையிடும்வரை பொறுத்திருங்கள். இன்னொன்று: வெளியான புதிதில் அமெரிக்கத் திரையரங்குகளில் பகல் காட்சிக்குச் சிறுவர்களை விட்டுவிட்டார்கள், அவர்கள் அழுததை விமர்சகர் ராஜர் ஈபர்ட் எழுதிவைத்திருக்கிறார். கறுப்பு-வெள்ளைப் பழைய படம்தானே என்று வீட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்துக்கொண்டு போட்டுவிடாதீர்கள்.